சும்மா வருகிற எச்சரிக்கை

கணவரிடம் அடி வாங்கும் பெண்களுக்கு உதவும் ஓர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞர். அவர்கள் எங்கள் இணையத்தளத்திலேயே முறைப்பாடு எழுதலாம். அந்தப் பக்கத்தின் மேலே சிலவேளை 'பாதுகாப்பற்றது' என்று வரும். தளத்தைச் செய்துதந்தவரிடம் விளக்கம் கேட்க எனக்குக் கூச்சம். என் படிப்பைப் பார்த்துச் சிரிப்பாரோ என்று பயம். பெண்கள் கேட்டால், "அது சும்மா வாறது, எழுதுங்கோ" என்பேன்.

ஒருநாள் குருநகரிலிருந்து ஒரு பெண் அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"அக்கா, நீங்கள் சொன்னபடி எழுதிப்போட்டன். பிள்ளையோடை எங்கை ஓடப்போறன் எண்டும் எழுதினனான். ஆனா எங்கடை வீட்டு வைஃபை என்ரை மனிசன்ரை தமையன்ரை போன் கடையிலை இருந்துதான் வருது. அவர் பாப்பாரோ?"

உடனே தளம் செய்தவரை அழைத்து, எழுதியதைக் கடைக்காரர் படிக்கலாமா என்று கேட்டேன்.

"ஓம் அக்கா, வேலை தெரிஞ்ச ஆள் பாக்கலாம். பக்கம் பூட்டோடையும், அதாவது எழுதுறதை மறைச்சு அனுப்புற வழியிலையும் திறக்குது, பூட்டில்லாமலும் திறக்குது. இடையிலை ஒரு சின்ன நிரல் போட்டால், ஆர் வந்தாலும் பூட்டுள்ள வழிக்குத் திருப்பிவிடும். எழுதுறது இடையிலை பாக்கிற ஒருத்தருக்கும் விளங்காது. பத்து நிமிச வேலை. முதலே கேட்டிருக்கலாமே?"

அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பெண்ணைத் திருப்பி அழைத்தேன். "பிழை என்ரை, தங்கச்சி. ஓடப்போறன் எண்டு எழுதின இடத்துக்குப் போகாதேங்கோ. இப்பவே இஞ்சை வாங்கோ."

அவர் வந்து சேரும்வரை வாசலிலேயே நின்றேன். பிள்ளையின் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

தமையன் படித்தாரா என்று இன்றும் தெரியாது. இப்போது அந்த எச்சரிக்கை வருவதில்லை. ஆனாலும் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக் குறியைத்தான் பார்க்கிறேன்.