அழுத்தாத பச்சைப் பொத்தான்

தென்னூரில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கல்லூரிக் கட்டண இணையப் பக்கத்தை வடிவமைக்கும் ஹாலித்துக்கு மூன்று வாரமாகத் தலை சுற்றியது. பெற்றோர்கள் பெயர், வகுப்பு, பதிவு எண் எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்புகிறார்கள். ‘கட்டணம் செலுத்து’ என்ற பொத்தானுக்கு வந்ததும் பாதிப் பேர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். பத்து நிமிடம் சும்மா இருந்தால் பக்கம் அவர்களை வெளியே தள்ளிவிடும். பிறகு, “உங்க சைட் சரியில்லைங்க” என்று புகார். பொத்தானைப் பச்சையாக்கினான், பெரிதாக்கினான். பயனில்லை.

“அழுத்தினா ஷாக்கா அடிக்குது?” என்று திரையைப் பார்த்துக் கத்தினான்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, அப்படி நின்றிருந்த ஸ்ரீரங்கத்துக் கோதையைப் போனில் பிடித்தான்.

“ஏன் மேடம் அழுத்தலை? பட்டன் தெரியலையா?”

“நன்னா தெரியறது. ராகுகாலம் ஆச்சே, பன்னண்டு அடிக்கட்டும்னு உக்காந்துண்டிருக்கேன்.”

“அப்ப பன்னண்டுக்கு மேலயே ஆரம்பிக்கலாமே?”

“எல்லாத்தையும் ரெடியா வெச்சுண்டாத்தானே டாண்ணு அழுத்த முடியும்?”

இதை எந்தப் பாடத்திலும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்து நிமிடத்தை இரண்டு மணி நேரமாக்கினான். அடுத்த வாரம் முழுக்கப் புகாரே இல்லை. இந்த ஊர்க்காரர்களைப் புரிந்துகொண்டுவிட்டோம் என்று நிமிர்ந்து வீட்டுக்குப் போனான்.

அம்மா கமர் ஜஹானின் போனில், தங்கையின் கட்டணப் பக்கம் பச்சைப் பொத்தானோடு திறந்து கிடந்தது.

“ஏம்மா இன்னும் கட்டலை?”

“வெள்ளிக்கிழமை ஜும்மா முடியட்டும்ப்பா, பரக்கத்தா இருக்கும்.”

அன்று சனிக்கிழமை.