எருவல்ல, எரெ

என் வீட்டுச் சுவரில் விரிசல் இருக்கிறது. ஒன்றல்ல, எட்டு. ஒவ்வொன்றின் முனையிலும் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அம்பைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். "என்னக்கா இது, விரிசலைப் போய் யாராச்சும் இப்படி ஜோடிச்சு வெப்பாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். வைப்பேன். என் வீடு, என் சுவர், என் விரிசல். மறைக்கச் சொல்லி எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறைய பேர். நான் மறைப்பதாக இல்லை.

பெங்களூரில், ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் நான் செக்கர். தைத்து முடிந்த சட்டைகள் என் மேஜைக்கு வரும். காலர், கை, பட்டன் துளை என்று கண்ணும் விரலும் ஒரே ஓட்டமாக ஓட வேண்டும். தையல் விட்ட இடமோ எண்ணெய்க் கறையோ பட்டால் அங்கே ஓர் அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும், அதுதான் விதி. பொத்தாம் பொதுவாக அந்தப் பக்கம் காட்டினால் போதாது. லைனில் தைக்கிற பெண்கள் என்னைத் திட்டாத நாளில்லை. "சின்ன டிஃபெக்ட்தானேம்மா, விட்டுடேன்" என்று சூப்பர்வைசர் கெஞ்சியதும் உண்டு. விட்டதில்லை. இந்தக் குணத்தோடு பதினாறு வருஷம் அந்த மேஜையில் நின்றிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் ஊர் ஆற்காடு பக்கம். கல்யாணம் ஆனதிலிருந்து லிங்கராஜபுரத்தில் வாடகை வீடு. அங்கிருந்து ஓசூர் ரோடு வரை போய்வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். அதனால்தான் சந்தாபுராவைத் தாண்டி, கிழக்கே ஆற்றுப் பக்கமாக வீடு கட்ட ஒரு சைட் வாங்கினோம். இங்கே அந்த ஆற்றைத் தட்சிண பினாகினி என்பார்கள், எல்லை தாண்டினால் நம்முடைய தென்பெண்ணை. ஆறு தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் தரை மட்டும் அது வரைக்கும் ஒரே சமமாக, தோசைக்கல் மாதிரி பரந்து கிடக்கும். அந்தச் சமத்தைப் பார்த்துத்தான் மயங்கினோம். மேடு பள்ளமே இல்லை, மேலே செக்கச் செவேலென்று பெங்களூர்ச் செம்மண், வேறென்ன வேண்டும் என்று இருந்தது.

சைட்டுக்கு எதிரே மாடு வைத்துப் பால் ஊற்றுகிற அம்மா ஒருத்தர். என் வயதுதான் இருக்கும். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பம் ராகியும் நெல்லும் போட்ட இடம். பூஜை போட்ட அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கன்னடத்தில், "இது எரெ மண்ணு, அக்கா. நோட்கொண்டு மனெ கட்டி" என்றார். பார்த்து வீடு கட்டுங்கள் என்று அர்த்தம். அந்தப் பின்பாதி எனக்கே புரிந்தது. முன்பாதிக்கு வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருக்குத் தன் கன்னடத்தின் மேல் அபார நம்பிக்கை. சற்றும் யோசிக்காமல், "எரு மண்ணாம்டி! எரு போட்டு வளத்த மண்ணு. நம்ம அதிர்ஷ்டத்தப் பாத்தியா?" என்றார். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரிலிருந்து முருங்கைப் போத்து கொண்டு வந்து, வீடு எழும்பியதும் சுவரை ஒட்டியே நட்டேன். குளியலறைத் தண்ணீர் அதற்கே போகிற மாதிரி வழி வேறு வெட்டிவிட்டேன். மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது.

முதல் கோடையில் வாசல் பிளந்தது. பிளந்தது என்றால் சும்மா கீறல் அல்ல. துணி காயப்போடும்போது கைதவறி விழுந்த கிளிப் ஒன்று உள்ளே போனது. குச்சியை விட்டுப் பார்த்தேன், துடைப்பக் குச்சி முழுதும் இறங்கியது, கிளிப் அகப்படவில்லை. அதே வாரம் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் ஒரு கோடு, படிக்கட்டு மாதிரி இறங்கி வந்தது. கட்டிய மேஸ்திரியைக் கூப்பிட்டேன். வந்தார், தட்டினார், "ஹேர் கிராக்மா, எல்லா வீட்டுலயும் வர்றதுதான்" என்றார். என் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. யார் தலையில் இவ்வளவு தடித்த முடி இருக்கிறது என்று கேட்டேன். அவர் போனில் பேசிக்கொண்டே போய்விட்டார். அந்தக் கோடை முடிவதற்குள் அப்படி ஏழு கோடுகள் ஆகிவிட்டன.

மழை வந்ததும் அதிசயம் நடந்தது. தரை தானாக மூடிக்கொண்டது, சுவர்க் கோடுகளும் மெலிந்து மறைகிற மாதிரி ஆயின. "பாத்தியா, சரியாயிடுச்சு" என்றார் வீட்டுக்காரர். ஆனால் குளியலறைக் கதவு சிக்கிக்கொண்டது. ஹால் தரை நடுவில் லேசாக உப்பி, உருட்டிவிட்ட எலுமிச்சம்பழம் சுவரைப் பார்த்து ஓடியது. கோடையில் இறங்கிய வீடு மழையில் ஏறுகிறது என்று எனக்கு உறைத்தது. இவ்வளவு வருஷ உழைப்பையும் போட்டு, மூச்சு விடுகிற எதன் மேலோ வீட்டைக் கட்டிவிட்டோமே என்று அன்று சமையலறையில் நின்று அழுதேன்.

அடுத்து வந்த தையில் எதிர் வீட்டம்மா சாண எரிவாயுத் தொட்டிக்குக் குழி தோண்டினார். ஜேசிபி வந்து எட்டடி இறக்கியது. எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் உயரத்துக்குத்தான் செம்மண். அதற்குக் கீழே கறுப்பு, இன்னும் கறுப்பு, அடி வரைக்கும் ஒரே கறுப்பு. ஒரு கல் இல்லை, ஒரு பிடி மணல் இல்லை. வெட்டின பக்கங்களில் அங்கங்கே சாய்வாக மண் பளபளத்தது, மெழுகு தேய்த்த மாதிரி. உள்ளுக்குள்ளேயே மண்ணும் மண்ணும் உரசி உரசி அப்படி ஆகுமாம்.

"இது என்ன மண்ணு?" என்றேன்.

"எரெ மண்ணு, அக்கா. அவத்தே ஹேள்தெனல்லா!" அன்றைக்கே சொன்னேனே என்று சிரித்தார்.

"எருதானே சொன்னீங்க?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். நான் சாணக் குவியலைக் காட்டினேன். அப்போதுதான் விஷயம் விளங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அய்யோ, அது கொப்பர! இது எரெ. கரி மண்ணு. பேசிகேலி பாய் பிடுத்தே, மளேலி ஊதுத்தே." எருவுக்கு அவர்கள் கொப்பர என்பார்கள்; எரெ என்றால் கறுப்பு மண், வெயிலில் வாய் பிளக்கும், மழையில் ஊதும். பயிருக்கு ராஜா, வீட்டுக்கு எமன் என்று தமிழும் கன்னடமுமாகச் சேர்த்துச் சொன்னார். மேலே இருக்கிற செம்மண் எங்கே இருந்து வந்தது என்று கேட்டேன். லேஅவுட் போட்டவன் லாரி லாரியாகக் கொட்டினான், நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விற்றவன் மறைத்தான். இந்த அம்மா மறைக்கவில்லை. சொன்னதைக் காதில் போட்டு எருவாக்கியது நாங்கள்.

எங்கள் கம்பெனியில் புதுக் கட்டடம் கட்ட மண் பார்க்க ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். விடுவேனா, சாப்பாட்டு நேரத்தில் டப்பாவில் என் வீட்டு மண்ணோடு போய் நின்றேன். அவர்தான் விளக்கினார். ஆறு கரை புரண்டால் மணலைப் பக்கத்திலேயே போட்டுவிடும், மாவு மாதிரி நைஸான சேற்றை மட்டும் தூரத்துக்குத் தூக்கி வரும். தேங்கிய தண்ணீரில் அது மெல்லப் படியும். யுகம் யுகமாக அப்படிப் படிந்ததுதான் இந்த ஆழம். பிறகு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். காய்ந்த மண்ணைப் பொடித்துச் சலித்து, ஒரே அளவாக இரண்டு பாட்டிலில் போட வேண்டும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் மண்ணெண்ணெய். ஒரு நாள் விட வேண்டும். மண்ணெண்ணெயில் மண் போட்ட அளவிலேயே படுத்திருந்தது. தண்ணீர் பாட்டிலில் அதே மண் ஏறக்குறைய இரட்டிப்பாகப் பொங்கி நின்றது. இரண்டு ஊறுகாய் பாட்டில்களையும் சமையலறை அலமாரியில் அடுத்தடுத்து வைத்தேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வழியும் இருக்கிறது என்றார் இன்ஜினியர். முழுசாகக் குணமாகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். அடி மண் எப்போதும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுவரை ஒட்டின முருங்கை கோடையில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடும், அதை எடுங்கள். குளியலறைத் தண்ணீரைக் குழாய் போட்டுத் தள்ளி விடுங்கள். வீட்டைச் சுற்றி வெளிச்சாய்வாக அகலமாய்ச் சிமென்ட் தளம் போடுங்கள். நான் ஆசை ஆசையாகச் செய்த ஒவ்வொன்றும் தப்பு. பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

வீட்டுக்காரருக்கு வேறு யோசனை. அவருடைய நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து ஓதியிருந்தார்கள். "செவுத்துல ரெண்டு கோட்டு பட்டி பூசி, மேல பெயின்ட். கோடை வர்றதுக்குள்ள வித்துட்டுப் போயிடலாம். இப்ப விரிசல் மூடித்தான இருக்கு, யாருக்குத் தெரியும்?"

"வாங்கறவங்களுக்குக் கோடையில தெரியும்."

"அது அவங்க பாடு. நமக்கு யாராச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நாமதான் எருன்னு கேட்டோம்."

நான் ஷிஃப்ட்டில் இருந்த நாளில் அவர் ஆள் வைத்துப் பட்டி பூசி, இளம் பச்சையில் பெயின்டும் அடித்துவிட்டார். வந்து பார்த்தபோது வீடு புதுப்பெண் மாதிரி இருந்தது. அழகாகத்தான் இருந்தது. நான் விரலால் தடவி, ஏழும் அடியில் இருப்பதை எண்ணிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜோடி வந்தது. இரண்டு பேரும் திருப்பத்தூர்ப் பக்கம், இங்கே எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அந்தப் பெண் ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள், சுவரைத் தடவினாள், எங்கே கட்டில் போடலாம் என்று கணவனிடம் மெல்லச் சொன்னாள். நான் காபி கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. இந்த ஒரு நாள் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

அப்போது அந்தப் பெண் கேட்டாள். "இங்க மண்ணு எப்படி ஆன்ட்டி? செடி வெச்சா வருமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "எரு மண்ணும்மா! எத வெச்சாலும் வரும்."

அன்றைக்கு வேலியோரம் அவர் அதைச் சொன்னபோது அது தப்பாகக் கேட்ட காது. இப்போது அது பொய். அதே சொல். எனக்குள் ஏதோ அறுந்தது. எழுந்து போய் என் வேலைப் பையிலிருந்து ஸ்டிக்கர் ரோலை எடுத்துவந்தேன். ஜன்னல் மூலை, ஓர் அம்பு. கதவு நிலைக்கு மேலே, ஓர் அம்பு. பெயின்டுக்கு அடியில் எங்கே எது இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். ஏழு இடத்திலும் ஒட்டினேன். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு பாட்டில்களையும் கொண்டுவந்து டீப்பாயில் வைத்தேன்.

"எரு இல்லம்மா, எரெ. கன்னடத்துல கறுப்புக் களிமண்ணு. ஆத்து வண்டல். வெயிலுக்குப் பிளக்கும், மழைக்கு ஊதும். தண்ணியில போட்டா இப்படி. இதெல்லாம் தெரிஞ்சும் பிடிச்சா வாங்கு."

அந்தப் பெண் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் எழுந்துவிட்டான். கேட் வரை போனவள் திரும்பி, "அப்ப நீங்க எப்படி ஆன்ட்டி இங்க இருப்பீங்க?" என்றாள்.

"இருப்பேன். இந்த மண்ணு என்ன செய்யும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் என்ன செய்வேன்னு இனிமே அதுக்குத் தெரியட்டும்."

வீட்டுக்காரர் என்னோடு பதினொரு நாள் பேசவில்லை. நான் விட்டுவிட்டேன். முருங்கையை வெட்டும்போது மட்டும் மனசு கேட்கவில்லை, கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. குழாய் போட்டேன். சுற்றித் தளம் போட்டேன், சாய்வு சரியாக இருக்கிறதா என்று ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தே மேஸ்திரியை விட்டேன். வேறு மேஸ்திரிதான். முருங்கைப் போத்து ஒன்றை எதிர் வீட்டம்மாவிடம் கொடுத்தேன், அவர் தொழுவத்துக்குப் பின்னால் நட்டார். எரெ மண்ணில் அது வெறிபிடித்து வளர்கிறது.

இந்தக் கோடையில் விரிசல்கள் மறுபடி வந்தன, என் அம்புகள் காட்டிய இடத்திலேயே. ஆனால் மெலிசாக. நகம் போகவில்லை, ஒரு பேப்பர்கூடச் சரியாக நுழையவில்லை. எனக்கு அது போதும்.

போன வாரம் ஷிஃப்ட் முடிந்து வந்தேன். சமையலறை மேடைக்கு மேலே எட்டாவதாக ஓர் அம்பு இருந்தது. நான் ஒட்டியதல்ல. வீட்டுக்காரர் டீ ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இத விட்டுட்டியே செக்கரம்மா" என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தேன். மயிரிழையாக ஒரு கோடு, உண்மைதான், என் கண்ணுக்குத் தப்பியிருந்தது. ஆனால் அம்பைத் தலைகீழாக ஒட்டியிருந்தார், வால்தான் விரிசல் மேல் இருந்தது.

"முனை தொடணும்" என்று சொல்லி, அதை உரித்துத் திருப்பி ஒட்டினேன்.