அஞ்சரை மணிக்குத் திறக்கும் குழாய்

குழாய் ரிப்பேர் தொழிலுக்கு ஒரு சாபம் உண்டு: நாம் இருக்கும்வரை ஒழுகாத குழாய், நாம் தெருமுனை திரும்பியதும் ஒழுகும். டிவி மெக்கானிக், மோட்டார் மெக்கானிக் என்று இதைப் படிக்கும் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2007-ல் நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து கடலூரில் வேலை பார்த்தேன். அப்போது மாட்டிக்கொண்ட கதை இது.

புது வாஷர்

திருப்பாதிரிப்புலியூரில் வசந்தா அக்கா வீடு. கேட்டை ஒட்டி ஒரு பழைய பித்தளைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் தேய்ந்துபோயிருந்தது. புதிதாகப் போட்டு, ஒரு சொட்டுகூட இல்லை என்று அவரிடமே காட்டிவிட்டு வந்தேன். மறுநாளே போன். நாம் வழக்கமாகச் சொல்லும் பதில்தான், "நல்லா அழுத்தி மூடுங்கக்கா" என்றேன்.

"மூடித்தான் வைக்கிறேன் தம்பி. சாயங்காலம் அஞ்சரைக்கு அதுவா தொறந்துக்குது."

ஈரத் தடம்

சாயங்காலம் மறுபடி போய், குழாயைத் திருகும் தண்டு, அந்த ஸ்பிண்டிலையும் மாற்றினேன். என் கையாலேயே மூடினேன். அக்கா காபி கொடுத்தார். உள்ளே உட்கார்ந்து பாதி குடித்திருப்பேன், வெளியே தண்ணீர் கொட்டும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் குழாய் இரண்டு சுற்று திறந்திருக்கிறது. கேட் கொக்கி போட்டது போட்டபடி. காய்ந்த சிமென்ட் தரையில் குழாயடியிலிருந்து வாசற்படிவரை ஈரக் கால்தடம். படிக்கு மேலே ஒன்றுமில்லை. கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது.

அக்கா பதறவில்லை. அவர் வீட்டுக்காரர் கடலூர் முதுநகரில், மீன் துறைமுகத்துப் பக்கம், ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தவராம். சுனாமி அன்று துறைமுகத்துக்குப் போனவர்தான், உடம்புகூடக் கிடைக்கவில்லை. வேலை விட்டு வீட்டுக்கு வரும் நேரம் அஞ்சரை.

"மீன் வாடையோட உள்ள வராத, கால் கழுவிட்டு வான்னு தினம் நாந்தான் கத்துவேன். இப்ப வாய்யா வாய்யான்னு கூப்புடறேன், படி ஏற மாட்டேங்குறாரு தம்பி."

தலைப்பிரசவம்

மூன்றாம் முறை கூப்பிட்டபோது அக்கா முகமே சரியில்லை. குறிஞ்சிப்பாடியில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வரவேண்டியவள், அந்தக் குழாய் இருக்கும்வரை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். பிள்ளை பெறப்போகிறவள் பயப்படலாமா? குழாயைக் கழற்றி, பைப் வாயில் பிளக் போட்டு அடைத்தேன். நான் பிளக் மரையில் ஒழுகாமலிருக்க வெள்ளை டேப் சுற்றும்போது அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கும் மனசு சங்கடமாகத்தான் இருந்தது.

"கெட்டியா அடைச்சிடு தம்பி. அவரு கேட்டா, பொண்ணுக்காவத்தான்னு நான் சொல்லிக்கறேன்."

நல்ல பித்தளை

இங்கேதான் நம் தொழில்புத்தி வேலை செய்தது. கழற்றிய பித்தளையைத் தூக்கிப்போட எந்தப் பிளம்பருக்கும் மனசு வராது. "எடுத்துக்கட்டுமாக்கா?" என்றேன். தலையாட்டினார். புது வாஷர், புது ஸ்பிண்டில், என்ன குறை? என் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குழாய் உடைந்து கிடந்தது. மறுநாள் காலையில் இதை மாட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். அன்று ராத்திரி திரும்பியபோது வாசலில் ஈரம். பிள்ளைகள் விளையாடியிருக்கும் என்று நினைத்தேன். நினைக்கத்தான் விரும்பினேன்.

மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது என் மனைவி சாதாரணமாகப் பேச்செடுத்தாள். வசந்தா அக்கா பெயரையோ அந்த வீட்டுக் கதையையோ நான் அவளிடம் மூச்சுவிட்டதில்லை.

"உங்களத் தேடி யாராச்சும் வரேன்னாங்களா? சாயங்காலம் அஞ்சரைக்கு ஒருத்தரு வந்தாரு, நம்ம குழாயில கால் கழுவிக்கிட்டு, 'வசந்தா, இப்ப வாடை இல்ல, உள்ள வரட்டுமா?'ன்னு கேட்டாரு. பேர மாத்திச் சொல்றாரு, உங்களத் தேடி வந்தவராத்தான் இருக்கும்னு, வாங்கன்னுட்டேன்."

அன்றிலிருந்து எந்த வீட்டில் எதைக் கழற்றினாலும், பித்தளையோ தங்கமோ, அந்த வீட்டு வாசலிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.