கரடி காட்டாத கந்தையா அண்ணை

நீர்வேலியிலிருந்து வாழைக்குலை ஏற்றிவரும் வண்டில்காரர் சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் கொக்குவில் வீட்டுப் படலையில் நின்று, "கரடியர் மோசம் போயிட்டார், அம்மா" என்றார். என் கணவர் சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "கரடி அடிச்சதோ?" என்று கேட்டார். இல்லை, காய்ச்சல், சொந்தப் பாயில், நித்திரையில் என்று தெரிந்தது. பாதி வாழ்நாளை வன்னிக் காட்டில் கழித்த கந்தையா அண்ணைக்கு இவ்வளவு அடக்கமான முடிவா என்று, துக்கத்தினூடே, எங்கள் இருவருக்கும் சிறிது ஏமாற்றமாகவும் இருந்தது.

அவருடன் பழகியவர்களுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் கரடிகள் அந்த மரங்களைத் தேடி வரும். அப்போது யாழ்ப்பாணத்துக் கனவான்களை மாங்குளம் வரை ரயிலிலும், பிறகு மாட்டு வண்டிலிலும் கூட்டிப்போய் வேட்டைக்கு வழிகாட்டுபவர் அவர். ஊர் அவரைக் கரடிக் கந்தையா என்றது. அவருடன் போன எவரும் ஒரு கரடியையும் சுட்டதில்லை. காற்றின் திசை, நிலவு, துவக்கின் பழுது என்று ஆண்கள் பல காரணங்கள் சொல்வார்கள். உண்மையான காரணம் அவர்களுடைய மனைவிமாருக்குத்தான் தெரியும். அவர் போய்விட்டபடியால் இனிச் சொல்லலாம்.

புறப்படுவதற்கு முதல்நாள் கந்தையா அண்ணை ஒரு சீப்புக் கதலிப்பழத்துடன் குசினிப் பக்கமாக வருவார். மிளகாய்த்தூள், கோப்பித்தூள் என்று வழிச்சாமான் கேட்பது சாக்கு. குரலைத் தாழ்த்தி, "தங்கச்சி, மாஸ்ரருக்குக் கரடியைக் காட்டவோ, காலடியை மட்டும் காட்டவோ?" என்பார். மாஸ்ரர் என்பது கல்லூரியில் கணிதம் படிப்பிக்கும் என் கணவர். முதல் வருடம் நான் திகைத்துப்போய், காலடி போதும் என்றேன். "அதுதான் நல்லது. யானை கோபம் வந்தால்தான் அடிக்கும், தங்கச்சி. கரடி பயந்தாலும் அடிக்கும். அதுவும் முகத்திலை" என்றார். பிறகு விசாரித்தால், அரியாலை டொக்டரின் மனைவியும் காலடிதான் கேட்டிருக்கிறார். கோட்டில் வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசியாரின் மனைவி மட்டும், தூரத்தில் முதுகைக் காட்டலாம் என்று தாராளமாக அனுமதித்தாராம். கரடியின் காலடியைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகப் பேசும் கனவான்கள் வேறெந்த ஊரிலும் இருந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் சிக்கலைக் கொண்டுவந்தது ஒரு புலித்தோல். கணவரின் தம்பி மலாயாவிலிருந்து லீவில் வந்து, அதை என் மாமனார் வீட்டு விறாந்தைச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். குடும்பம் கூடும்போதெல்லாம், "என்ன அண்ணை, கரடி இந்த வருசமும் லீவோ?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் கணவரும் சிரிப்பார். ஆனால் அதன்பின், அந்த வீட்டுக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் அவருக்குத் தலையிடி வந்தது. மனிதருக்குத் தகப்பன் வீடே இல்லாமற் போய்விடுமோ என்று பயந்தேன். அந்த வருடம் கந்தையா அண்ணை கேட்டபோது, கரடியையே காட்டச் சொன்னேன்.

அவர் மிளகாய்த்தூள் சரையைக் கையில் வைத்தபடி நின்றார். "யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?"

"ஓம்."

அன்று மாலையே பிள்ளையார் கோவிலுக்குப் போய், கரடி வரக்கூடாது என்று நேர்ந்துகொண்டேன். அவர்கள் திரும்பும்வரை சோறு இறங்கவில்லை. பிள்ளையாரும் கந்தையா அண்ணையும் ஒருவரையொருவர் சந்தித்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று வெட்கமாகவும் இருந்தது.

கணவர் வந்தபோது காற்சட்டை கிழிந்து, முழங்காலில் பச்சிலைக் கட்டு. முகம் முழுதாக இருந்தது. முதலில் அதைத்தான் பார்த்தேன். அண்ணை காட்டிய பாலை மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். மேலேயிருந்து பழம் விழுந்திருக்கிறது. குரங்கு என்று நினைத்துப் பொறுக்கித் தின்றிருக்கிறார். நல்ல இனிப்பாம். வயிறு நிறைந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தாராம். கரடி பின்பக்கமாக இறங்கத் தொடங்கியதும் இவர் முட்பற்றைக்குள் பாய்ந்துவிட்டார். கந்தையா அண்ணை தேத்தண்ணிக் கேத்திலை அகப்பையால் அடித்துக்கொண்டு நடுவில் வந்து நின்றிருக்கிறார். கரடி மற்றப் பக்கமாக ஓடிவிட்டது.

இந்தக் கதையை என் கணவர் தாமாகவே தகப்பன் வீட்டுக்குப் போய், தம்பியின் முன்னால், பழம் தின்றது உட்பட நடித்துக் காட்டினார். மாமனார் சிரித்துச் சிரித்துச் சால்வையால் கண்ணைத் துடைத்தார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். புலித்தோலைப் பற்றிச் சொல்லத் தம்பியிடம் அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அதோடு தலையிடி நின்றது.

அடுத்த கிழமை கந்தையா அண்ணை வந்தார். என் சொல்லைக் கேட்டுத்தானே அந்த மரத்தடியில் இருத்தினீர்கள் என்று நன்றி சொல்லப் போனேன். மனிதர் நிலத்தைப் பார்த்தார்.

"இல்லைத் தங்கச்சி. கரடி வராத மரமெண்டு நினைச்சுத்தான் இருத்தினனான். கரடியைக் காட்டிப்போடாதையுங்கோ அண்ணை எண்டு மாஸ்ரர் ஒவ்வொரு வருசமும் மாங்குளம் தாண்டினவுடனை சொல்லுறவர். இந்த முறையும் சொன்னவர். நீங்கள் ஒண்டு சொல்ல, அவர் ஒண்டு சொல்ல, நான் மாஸ்ரரின்ரை சொல்லைக் கேட்டனான். கரடி ஒருத்தரின்ரை சொல்லையும் கேக்கேல்லை."

நான் சொன்னதைக் கந்தையா அண்ணை சாகும்வரை என் கணவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்க முன் நேற்று கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர், "அப்ப, என்னைக் கரடிக்குக் குடுக்கச் சொன்னது நீரோ?" என்றார். தம்பியின் முன்னால் தலை நிமிர்ந்து இருக்க வேண்டும் என்றுதான் என்றேன். நீங்கள் ஏன் காட்ட வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டேன்.

"நீர் பயந்துகொண்டு இருப்பீர் எண்டுதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கும் பயம்தான்" என்றார்.

பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார், நானும் சிரித்தேன், இடையில் இருவரும் அழுதோம். கந்தையா அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான்: ஒவ்வொரு வருடமும் அவர் முழுதாகத் திருப்பிக் கொண்டுவந்து விட்ட இந்த மனிதர்.