யானைக்குச் சொன்ன வார்த்தை

என் மாமாவின் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனவர்கள். போடி கடைத்தெருவில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருந்தார். தாடையைத் துணியால் கட்டி நாற்காலியில் சாய்த்துவைத்த பிணத்தைச் சுற்றிச் சொந்தபந்தம் நிற்க, படம் எடுக்குமுன் உரத்த குரலில், "ரெடி! யாரும் அசையாதீங்க!" என்பார். நிற்பவர்களிடம்தான் சொல்கிறார், கேட்கிறவர்களுக்கு உட்கார்ந்திருப்பவரிடம் சொன்னதுபோல இருக்கும். இழவு வீட்டுக்குப் போகிற கேமராவைக் கல்யாண வீட்டில் கூப்பிடமாட்டார்கள். அந்த வேலையெல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போய்விடும்.

நாங்கள் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்து லய வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா கங்காணி. மழைக்காலத்தில் கூரை ஒழுகும், காலில் அட்டை ஏறும், யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் தொலைவு என்பதால் தோன்றியபோது போவேன். அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் போடிக்கு இறங்கி, சந்தைச் சாமான் வாங்கிவருவது அவள் சோலி. அம்மாவின் தம்பிக்கு அப்பாவின் தங்கையைக் கட்டுவது முறைதான் என்பதால் அம்மா பேச்செடுத்துப் பார்த்தாள். அப்பா ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"பொணத்தை நிமித்தி உக்காரவைக்கிற கை அது. அந்தக் கையிலயா எந்தங்கச்சியைப் புடிச்சுக் குடுக்கச் சொல்ற? உசுரோட நடமாடுற ஒண்ணைப் படம் புடிச்சுக் காட்டச் சொல்லு, அப்பறம் பேசுவோம்."

கோபத்தில் சொன்னதை மாமா பந்தயமாக எடுத்துக்கொண்டார். அடுத்த வாரமே கூலியாட்கள் வரும் ஜீப்பில் நசுங்கிக்கொண்டு, கேமராப் பெட்டியை மடியில் வைத்தபடி வந்து இறங்கினார். தோட்டத்துக்குக் கீழே ஓர் அணை உண்டு. தண்ணீர் தேங்கியபோது பள்ளமெல்லாம் மூழ்கி, குன்றுகளின் தலைகள் மட்டும் தீவுகளாக மிஞ்சியிருந்தன. ஆள் நடமாட்டமில்லாத அந்தத் தீவுகளுக்கு யானைகள் நீந்திப் போய் மேயும். பரிசலில் போய் யானையையே எடுத்துவருவது என்பது மாமாவின் திட்டம். உயிருள்ளது, மங்களமானது, அளவிலும் பெரியது. அப்பாவால் அதற்குமேல் என்ன குறை சொல்ல முடியும்?

அத்தைதான் என்னையும் கிளப்பிவிட்டாள். பாவாடையைத் தூக்கிச் சொருகிவிடும் சாக்கில் காதருகே குனிந்தாள்.

"அவரு கத்துவாருடி. கத்துனா யானை ஓடிரும், வாயைப் பொத்திரு. பொத்துனா மட்டும் பத்தாது, அவரு சொல்றதை நீ காதுக்குள்ள சொல்லணும். இல்லாட்டி அவருக்கு வெரலு அமுங்காது."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பரிசல்காரர் மலையாளி, அணையில் மீன் பிடிப்பவர். ஏறும்போதே, "மிண்டருது, கேட்டோ?" என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும் சேட்டா!" என்றார் மாமா, அக்கரைக்கே கேட்கும்படி.

முதல் தீவில் ஒரு பட்டமரம் நிறைய நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. மாமா கேமராவைக் கண்ணில் வைத்தார். "ரெடி! யாரும் அசையாதீங்க!" மரம் காலியாகிவிட்டது. அடுத்த தீவில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மிளா மானும் அதே வார்த்தையைக் கேட்டுப் புதருக்குள் பாய்ந்தது. இரண்டு தடவையும் என் கை எட்டுவதற்குள் வார்த்தை வெளியே வந்திருந்தது.

"ஆனயோடும் இங்ஙனே கத்தினால் அது நேரே இங்கோட்டு வரும்," என்றார் பரிசல்காரர். "பின்னே நமக்குப் போட்டோ வேண்டா, மாலை போதும்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "பழகிருச்சு ஆத்தா," என்றார் என்னிடம். "சொல்லாம ஒரு படம்கூட எடுத்ததில்லை."

கடைசித் தீவைச் சுற்றித் திரும்பியபோது பனிமூட்டம் விலகி, கரைச்சேற்றில் ஒரு தாய் யானையும் குட்டியும் நின்றன. காற்று எங்கள் முகத்தில் அடிக்கும் பக்கமாகப் பரிசலை ஒதுக்கி நிறுத்தினார் பரிசல்காரர். மாமா மூச்சை இழுத்தார். நான் இரண்டு கையாலும் அவர் வாயைப் பொத்தினேன். அவர் சரியென்று தலையாட்டிவிட்டுக் கேமராவைத் தூக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை. விரல் பொத்தான்மேல் இருந்தது, அமுங்கவில்லை. குட்டி தும்பிக்கையால் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுத் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டது. தாய் மேட்டுப்பக்கம் திரும்பத் தொடங்கியது. மாமாவின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. அப்போதுதான் அத்தை சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் காதில் வாய் வைத்து, மூச்சு விடுவதைப்போலச் சொன்னேன்: "ரெடி. யாரும் அசையாதீங்க."

விரல் அமுங்கியது.

படத்தைக் கழுவிக் கொண்டுவந்தபோது மாமா உற்சாகமாக இல்லை. யானையும் குட்டியும் தெளிவாகத்தான் விழுந்திருந்தன. காதுகள் மட்டும் புகைபோலக் கலங்கியிருந்தன. அவர் தொழிலில் அது கிழித்துப்போட வேண்டிய படம். அப்பா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அத்தை அடுப்பை ஊதுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"காது ஏன் இப்பிடி இருக்கு?"

"ஆட்டிருச்சு மச்சான்," என்றார் மாமா, தலையைக் குனிந்துகொண்டு.

"ஆட்டுச்சுல்ல?" அப்பாவின் மீசைக்குள் சிரிப்பு வந்தது. "ஒன் படத்துல அசைஞ்சது இது ஒண்ணுதான்டா மாப்ளே. சரி, தையில வச்சுக்கிருவோம்."

அந்தக் கல்யாணத்தை என் வாய்தான் முடித்துவைத்தது என்று நெடுநாள் பெருமையடித்துத் திரிந்தேன். அத்தை மறுத்துச் சொன்னதில்லை. பிறகு பிழைப்புத் தேடி எங்கெங்கோ சுற்றினேன். ஊர் பேர் மறந்துபோன ஓர் இடத்தில், வேலைக்குக் கொடுக்கப் படம் வேண்டுமென்று ஒரு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தேன். போட்டோக்காரர் ஒரு கண்ணாடியையும் பவுடர் டப்பாவையும் என் கையில் தந்து, பூசிக்கொண்டு வந்து அசையாமல் உட்காரச் சொன்னார். பவுடர் வாசனை மூக்கில் ஏறியதும் அத்தையின் ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. சந்தைக்குக் கழுவிய முகத்தோடு இறங்கிப் போகிறவள், கடைசி ஜீப்பில் வெள்ளைவெளேரென்று பவுடர் பூசிய முகத்தோடு திரும்பிவருவாள். போடிச் சந்தையில் காய்கறி வாங்குகிறவர்களுக்கு அதை இனாமாகப் பூசிவிடுகிறார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.