சேற்றுக்குள் ஆடிய கார்

எங்கள் வாசற் படலைப் பூட்டு கொஞ்சக் காலமாகப் படலையில் இல்லை. அக்கா அதை நூலில் கட்டிக் குசினிக் கூரை வளையில் தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். மெல்ல விட்டாலும் சற்று வீச்சாக விட்டாலும் போய்வர ஒரே நேரம்தான் எடுக்கிறது என்று அவள் அதிசயப்பட்டாள். நெற்றியில் இரண்டுதரம் அடிவாங்கிய அம்மா அந்த அதிசயத்தில் பங்குகொள்ள மறுத்துவிட்டார்.

நாரந்தனையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பௌதிகம் படிக்கப் போன முதல் பெண் அக்காதான். சோதனை யாழ்ப்பாணத்தில். "நானும் கூட வருவன், தனிய விடமாட்டன்" என்ற நிபந்தனையோடுதான் அப்பா சம்மதித்து, வாடகைக்கு ஒரு கார் பிடித்தார். இரவெல்லாம் மாரி கொட்டியது. விடியப் புறப்பட்ட கார் ஒழுங்கை முடக்கிலேயே சேற்றில் தாழ்ந்துபோய் உட்கார்ந்துகொண்டது. நேரம் போனால் சோதனை போச்சு. சோதனை போனால் படிப்பும் போச்சு. அடுத்த வருடம் பார்ப்போம் என்ற பேச்சுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழியாக, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

கடற்கரை ஆட்கள் ஓடிவந்து தோள்கொடுத்தார்கள். வள்ளம் கரையேற்றிப் பழகியவர்கள். ஏறியதை ஒரு சாண்கூடப் பின்னுக்கு விடமாட்டார்கள். கார் பள்ளத்திலிருந்து கொஞ்சம் ஏறிவிட்டுப் பின்னே சரியப் பார்க்கும். இவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மறிப்பார்கள். மறித்தே களைத்துப்போனார்கள்.

அக்கா வெள்ளைச் சட்டையோடு சேற்றில் இறங்கினாள்.

"பின்னுக்கு வரேக்கை மறியாதேங்கோ. வரட்டும். அது திரும்பி முன்னுக்குப் போகேக்கை மட்டும் தள்ளுங்கோ."

"ஏறினதை ஆரும் விடுவினமே, பிள்ளை?" என்றார் ஒருவர்.

"விடுங்கோ அண்ணை. விட்டாத்தான் ஏறும்."

அரை மனதோடுதான் விட்டார்கள். கார் ஊஞ்சல்போல முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. அது முன்னுக்குத் திரும்பும் நேரம் பார்த்து அக்கா "இப்ப!" என்று கத்துவாள், எல்லோரும் தள்ளுவார்கள். ஒவ்வொரு தரமும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறியது. கடைசியில் மேட்டைத் தாண்டிப் பெருந்தெருவில் போய் நின்றது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. எல்லாம் என் தேங்காய் செய்த வேலை என்றுதான் நினைத்தேன்.

அக்கா சேற்றுக் காலோடு பாய்ந்து ஏறினாள். அப்பா ஏறவில்லை. தன் கையாலேயே கதவைச் சாத்தி, "நீ போட்டு வா பிள்ளை" என்றார். அக்கா அவரையே பார்த்தாள். கார் போய்விட்டது.

"நீங்கள் ஏன் அப்பா ஏறேல்லை?" என்று கேட்டேன்.

"பாரம் கூடினா திரும்பவும் தாழுமெல்லே" என்றார்.

என்ன புத்தியான மனுசன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அங்கிருந்து யாழ்ப்பாணம் வரைக்கும் ஒரே தார் றோட்டு என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.