நகம் வைக்காத இடம்

என் வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் நான் ஒட்ட வெட்டுவதில்லை. ஒரு அரிசி அகலத்துக்கு விட்டு வைத்திருப்பேன். அதே விரலில் மை தடவிக் கைநாட்டு வைப்பவர் என் அப்பா. காந்தி மார்க்கெட்டில் வெங்காய மூட்டை தூக்குகிறார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக் முடித்து நாலு வருஷம் ஒரு ஸ்டிக்கர் கடையில் வண்டிகளுக்குப் படம் ஒட்டினேன். இப்போது பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு வண்டியைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறேன். “எம்மவன் எழுதிக் குடுத்தாத்தான் வண்டிய வாங்குவாங்க” என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொள்வார்.

வண்டியின் மேல் இருக்கும் கோடும் படமும் பெயின்ட்டா ஸ்டிக்கரா என்று பார்ப்பதுதான் என் முதல் வேலை. அலங்காரத்துக்காக இல்லை. ஒட்டுப்போட்ட இடத்தில் பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் வெடிப்பு மேலே தெரிந்துவிடும். ஸ்டிக்கர் எதையும் மூடிக்கொண்டு சும்மா இருக்கும். கதவிடுக்கில் பார்த்தால் பெயின்ட் உள்ளே வரைக்கும் போயிருக்கும், ஸ்டிக்கர் இடுக்கோடு வெட்டுப்பட்டு நிற்கும். பழைய ஸ்டிக்கர் வற்றின குளத்துச் சேறு மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். புதுசாக ஒட்டி, ஓரம் தெரியாமல் மேலே லாக்கர் வார்னிஷ் அடித்துவிட்டால் கண் ஏமாறும், விரல் நுனி கூட ஏமாறும். நகம் ஏமாறாது. ஓரத்தில் மெல்லத் தட்டும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். கேரவன் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னார். படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. அவர் மனைவிக்கு முதுகெலும்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது, படுத்துக்கொண்டுதான் பயணம். வடக்கே சேவிக்காமல் பாக்கி இருக்கிற திவ்யதேசங்களுக்கெல்லாம் அவரைக் கூட்டிப் போக வேண்டும் என்றார்.

வண்டி திருவெள்ளறைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் நின்றது. புரோக்கர் முதல் நாளே சொல்லியிருந்தார்: “காலையிலேயே வந்துருங்க சார், வெயிலுக்கு முன்னாடி முடிச்சுக்கலாம்.” நல்ல மனுஷர் என்று நினைத்துத்தான் சாரும் அவர் மனைவி மாமியும் நானும் விடிந்ததும் போய் இறங்கினோம்.

வெள்ளை வண்டி. இரண்டு பக்கமும் அலை அலையாக நீலக் கோடு. அது பெயின்ட்தான், நகமே தேவைப்படவில்லை. வலது பக்கம் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சொட்டு வடிந்து அப்படியே உறைந்திருந்தது. ஸ்டிக்கர் வடியாது. அதைக் காட்டினதும் புரோக்கர் சிரித்தார்.

“கெட்டிக்காரத் தம்பி. எந்த ஊரு? அப்பா என்ன பண்றாரு?”

சொன்னேன்.

“மூட்டை தூக்குறவரு புள்ளையா! பரவால்லயே, நல்லா படிக்க வெச்சிருக்காரு.”

இடது பக்கம் பின்கோடியில் மட்டும், நிழலில் நின்ற வண்டிக்கு, இன்னொரு நிழலாகக் கீற்றுத் தட்டி ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். நகர்த்தினேன். பின்னால் ஆள் உயரத்துக்கு நாமம், இரண்டு பக்கமும் சங்கு சக்கரம். மாமி கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கைகூப்பினார்.

“பாத்தேளா? நமக்குன்னே வெச்சிருக்கா.”

“கையால எழுதினதுங்க மாமி” என்றார் புரோக்கர். “சுத்தமான பெயின்ட்டு.”

நீலக் கோடு படத்திலிருந்த சக்கரத்தின் விளிம்பு வரை வந்து நின்றுபோயிருந்தது. படத்துக்கு இடம் விட்டு வளைந்தும் போகவில்லை, மறுபக்கம் தொடரவும் இல்லை. எனக்குள் ஏதோ இடித்தது. கட்டைவிரலைக் கொண்டுபோனேன்.

“தம்பி, திருமண் மேல நகம் வைக்காதீங்கோ. அபசாரம்” என்றார் சார். கோபமில்லை, பதறித்தான் சொன்னார்.

“அதானே” என்றார் புரோக்கர். “மார்க்கெட்டுல தக்காளிய அமுக்கிப் பாக்குற மாதிரி பாக்குறீங்களே தம்பி. சாமி மேல நகம் வெச்சவன் நல்லா இருந்ததா கேள்விப்பட்டிருக்கீங்களா?”

கையை எடுத்துக்கொண்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். ஓரம் எதுவும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் நான் பார்க்க விரும்பவில்லை. பாதி சாமி பயம். மீதிப் பாதி, மூட்டை தூக்குகிறவர் மகன் ஸ்ரீரங்கத்துக்காரர் முன்னால் நாமத்தைச் சுரண்டினான் என்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம். தாளில் எழுதினேன்: இடது பின்பக்கப் படம், பெயின்ட்.

புரோக்கர் தட்டியை மறுபடி சாத்தப் போனார். சார் தடுத்தார். “இருக்கட்டும். சேவிச்சுண்டே இருக்கலாமே.”

மாமி உள்ளே போனார். “ஒரு மணி நேரமாவது படுத்துப் பாக்கணும். முதுகு ஒத்துக்கறதான்னு தெரியணுமே.” கட்டில் பின்கோடியில், வண்டிக்குக் குறுக்கே இருந்தது. தலைமாடு சரியாக நாமத்துக்கு உள்பக்கம். அந்தச் சுவரில் மட்டும் புதுப் பலகை அடித்திருந்தார்கள். வண்டிக்குள் கண்ணெரியும் அளவுக்குச் சாம்பிராணி. கோயில் மாதிரி இருக்கிறது என்று மாமி சந்தோஷப்பட்டார்.

வெளியே நின்றோம். புரோக்கர் நிமிஷத்துக்கொரு தரம் தென்னை மட்டைகளுக்கு மேலே பார்த்தார். “போதும் மாமி, கெளம்பலாமே” என்று இரண்டு தரம் குரல் கொடுத்தார். நிழல் எங்கள் காலடியிலிருந்து நழுவிப் போனது. வெயில் முதலில் படத்துச் சக்கரத்தின் மேல் ஏறியது, பிறகு நாமத்தின் மேல்.

உள்ளேயிருந்து மாமி கூப்பிட்டார். “ஏன்னா, ஏதோ தீயற வாசனை வர்றதே? ஒயர் கருகின மாதிரி.”

“சாம்பிராணி மாமி” என்றார் புரோக்கர். தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னார்.

நான் நாமத்தைப் பார்த்தேன். நடுக்கோட்டின் அடியில் ஒரு கொப்புளம். காலையில் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று, எண்ணெயில் போட்ட பூரி மாதிரி மெல்ல எழும்பியது. பெயின்ட் இப்படி எழும்பாது. அடியில் அடைபட்ட காற்று வெயிலுக்கு வெளியே வர வழி தேடுகிறது.

 எழுதிக் கொடுத்தவன் நான். அந்தப் பலகையில் தலை சாய்த்துப் படுத்திருப்பவர் மாமி.

“சார், தப்பா எழுதிட்டேன். இது ஸ்டிக்கர். மாமிய முதல்ல கீழ இறங்கச் சொல்லுங்க.”

புரோக்கர் சிரிப்பதை நிறுத்தினார். “ஸ்டிக்கர்னா கிழிச்சுப் பாரேன். பெருமாளக் கிழி பாக்கலாம். தைரியம் இருக்கா?”

‘நீங்க’ போய் ‘நீ’ வந்திருந்தது. சார் என்னையும் பார்த்தார், நாமத்தையும் பார்த்தார்.  மாமிதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கொப்புளங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பாட்டிலை வாங்கிக் கையலம்பினார்.

“ஒட்டினதுன்னா மரியாதையா ஏளப் பண்ணி எடுத்துண்டுடலாம். அதுக்கு ஏன் சண்டை?”

கொப்புளம் இருந்த இடத்தில் விரலைக் கொடுத்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுகிற மாதிரி உரித்தார். வெயிலில் பசை இளகியிருந்தது. படம் முழுசாக வந்தது. சுருட்டி மார்போடு வைத்துக்கொண்டு அப்புறம்தான் சுவரைப் பார்த்தார்.

அங்கே ஒரு ஜன்னல் இருந்திருக்கிறது. அவசரத்துக்கு வெளியேறுகிற ஜன்னல். அதை ஃபைபர் தகடு வைத்து மூடிப் புட்டி பூசியிருந்தார்கள். சுற்றிலும் தேய்த்தும் போகாத தீக்கருகல். ஜன்னலின் அலுமினியச் சட்டம் மட்டும் முழுசாக அடங்காமல் ஒரு பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. அது வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ தள்ளினால்தான் அப்படி வளையும்.

“யாரு இருந்தா உள்ளே?” என்று மாமி கேட்டார்.

புரோக்கர் தட்டியை எடுத்து மெதுவாக அந்த இடத்தில் சாத்தினார். 

மறுநாள் சாரும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். ஆட்கள் வந்து பார்த்தபோது தோப்பில் டயர் தடம் மட்டும்தான் இருந்ததாம். மாமி வடக்கே போகவில்லை. அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை. ‘பெயின்ட்’ என்று என் கையெழுத்தில் இருக்கிறது, அடித்தல் கூட இல்லாமல்.

போன சித்திரையில் சமயபுரம் போயிருந்தேன். வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஒரு வெள்ளைக் கேரவன். பக்கவாட்டில் நீல அலை. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனேன். பின்சக்கரத்துக்கு மேலே அந்தச் சொட்டு, வடிந்து உறைந்தபடி அப்படியே இருந்தது. இடது பக்கம் வந்தேன். பின்கோடியில் ஆள் உயரத்துக்கு மாரியம்மன், முகத்தைச் சுற்றி வேப்பிலை, லாக்கர் மினுங்கியது. வண்டியின் படியில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். உள்ளே பெரியவர் யாரோ குறட்டை விடும் சத்தம் கேட்டது.

டிரைவர் ஓடி வந்தான். “யோவ், ஆத்தா மேல என்னய்யா நகத்த வெக்கிற?”

 ஆனாலும் வைத்தேன். தட்டியது.

“அக்கா, உள்ள தூங்குறவங்கள எழுப்புங்க” என்றேன். நகத்தை எடுக்கவில்லை. “குழந்தையத் தூக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க.”